முகில் நிலையத்தின் அரங்கேற்றம்

பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகம் கேட்காத காலம் அது. பலகாரத் தட்டு நடுவில் வந்ததும் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க வீட்டுல என்ன ஓடுது?" என்று கேட்பார். ரத்தத்தில் என்ன நூல் ஓடுகிறது என்று அர்த்தம். "காப்பியம்" என்றால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். "பதிகம்" என்றால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். "ஒண்ணும் ஓடல" என்றால், அதுவும் ஒருவகையில் நல்ல பதில்தான். ஏனென்று சொல்கிறேன்.

அதற்கு இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் சூரியனிலிருந்து ஒரு காந்தப் புயல் அடித்தது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் எழுத்தும் பாட்டும் படமும் சேர்த்துவைத்திருந்த இயந்திரங்களெல்லாம் ஒரே பகலில் வெறும் பெட்டிகளாகிவிட்டன. காகிதப் புத்தகங்களையோ, இடத்தை அடைக்கிறதென்று அதற்கு முன்பே எடைக்குப் போட்டிருந்தார்கள். மிச்சம் கிடைத்த நூல்களை இனி எங்கே வைப்பது? பயந்துபோன மனிதர்கள் கடைசியில் தங்கள் உடம்பையே தேர்ந்தெடுத்தார்கள். அப்பாவின் மூக்கையும் அம்மாவின் கோபத்தையும் பிள்ளைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற எழுத்து ஒன்று நம் உயிரணுவுக்குள் இருக்கிறதல்லவா, அதன் ஓரத்தில் கொஞ்சம் இடம் கண்டுபிடித்து ஒரு நூலை எழுதி வைத்தார்கள். ஒரே ஊசிதான். பெரிதாக வலிக்காது. வேண்டும்போது ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தால் படித்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் உடம்புக்கு ஒரு நூல்தான். ஏற்றினால் அழிக்க முடியாது. பிள்ளைக்குத் தாய்வழியாக மட்டுமே இறங்கும்.

அதனால்தான் ஒன்றும் ஓடாத பெண்ணைத் தேடிப்பிடித்துக் கட்டுவார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பன்று வளையலோடு ஊசியும் போட்டு, புகுந்த வீட்டு நூலை அவளுக்குள் ஏற்றிவிட்டால் வம்சமும் நூலும் சேர்ந்தே வளரும். காப்பிய வீடு, பதிக வீடு என்று கொள்வினை கொடுப்பினையும் பந்தி வரிசையும் மெல்ல மெல்லப் பிரிந்துபோயின. நூலைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் வேறு எதையோ வளர்த்துவிட்டார்கள். நம் ஆட்களுக்கு அதற்குச் சொல்லியா தர வேண்டும்?

தூத்துக்குடியில் காந்திமதி வீடு காப்பிய வீடு. அவள் மகன் நாயகத்துக்குக் கட்டிவந்த பெண் ஆவுடை. ஒன்றும் ஓடாதவள். கடல் ஊருக்குள் ஏறிவந்த வருஷத்திலிருந்து நிவாரண முகாமில் வளர்ந்த பிள்ளை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் குழாய் பார்க்கும் வேலை. பொறுமைசாலி, ஆனால் ஒன்று வேண்டுமென்று மனதில் விழுந்துவிட்டால் பிறகு அசைக்க முடியாது.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அவள் கேட்டது காப்பியம் இல்லை.

"ஏளா, அந்த ஆட்டுப் படத்தையா என் வீட்டுப் பிள்ளைக்கு ஏத்தப் போற?" என்றாள் காந்திமதி, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே.

"ஆட்டுப் படம் இல்ல அத்தை. முகில் நிலையம்."

"ஆடு வருதுல்லா?"

"வருது."

"அப்ப ஆட்டுப் படந்தான். நாளைக்கு ஒருத்தன் சம்பந்தம் பேச வந்து, உங்க வீட்டுல என்ன ஓடுதுன்னு கேப்பான். ஆடு ஓடுதுன்னா சொல்லச் சொல்லுத?"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த நாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ என்னல இளிக்க?" என்றாள் தாய். "உங்களுக்கு எல்லாம் சிரிப்புதான்" என்றாள் மனைவி. அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

முகில் நிலையம் ஓர் அனிமே. ஜப்பானில் ஓவியர்கள் கையால் வரைந்து வரைந்து ஓடவிட்ட தொடர். மலை உச்சியில் ஒரு பழைய வானிலை நிலையம். அங்கே மினோரி என்றொரு பெண்ணும் ஓர் ஆடும் மட்டும் இருக்கிறார்கள். கீழே கடலில் படகுகள் இன்னும் இருக்கின்றனவா என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனாலும் தினமும் சாயங்காலம் வானொலியில் வானிலை சொல்வாள். புயலுக்கு முன்னால் தூத்துக்குடிப் பிள்ளைகள் சிலர் ஆசைக்காகத் தாங்களே தமிழில் குரல் கொடுத்து ஒரு தட்டில் பதிந்து வைத்திருந்தார்கள். ஒளியால் படிக்கிற தட்டு என்பதால் அது மட்டும் காந்தத்துக்குத் தப்பியது. எப்படியோ முகாமுக்கு வந்து சேர்ந்தது. "முகில் நிலையத்துலேர்ந்து மினோரி பேசுதேன். வாடைக்காத்து. அலை மட்டாத்தான் இருக்கு. கடல்ல இருக்கவிய பாத்து வாங்க" என்று அந்தப் பெண் சொல்லும்போது, அப்பா திரும்பிவராத பிள்ளைகள் முகாம் முழுக்க வாய் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவுடையும் அவர்களில் ஒருத்தி.

"அத்தை, உங்க காப்பியம் உங்க ஓரகத்திமாரு வீட்டுல ஓடுது, அவங்க மக்க வீட்டுல ஓடுது. இது இந்த ஒரு தட்டுதான். அதுவும் வெள்ளையாப் பூத்துப்போச்சு. நேத்து மினோரி முகம் பாதி கட்டங்கட்டமா நின்னு போச்சு. பாத்தீங்கள்லா?"

"நான் எங்க பாத்தேன்? கீரைல்லா ஆஞ்சிக்கிட்டிருந்தேன்."

தெருப்பிள்ளைகளும் வலைக்காரர்களும் ஆவுடை வீட்டுத் தரையில் உட்கார்ந்து முகில் நிலையம் பார்க்கும் சாயங்காலமெல்லாம் காந்திமதிக்கு அடுக்களை வாசலில்தான் கீரை ஆயும் வேலை வரும். அந்த வாரம் வீட்டில் ஐந்து நாளும் கீரைக்குழம்புதான்.

"மன்றத்துல ஏத்துக்கிட மாட்டாவ" என்றாள் காந்திமதி கடைசியாக. "படம்னு ஒண்ண அவிய இதுவரைக்கும் ஏத்துனதில்ல. தோத்துட்டா, எங்க காப்பியத்த வாங்கிக்கிடணும். சரிதானா?"

ஆவுடை வயிற்றைத் தடவிக்கொண்டே, "சரி அத்தை" என்றாள்.

புதிய நூல் ஒன்றை உடம்பில் ஏற்ற வேண்டுமானால் முதலில் நூலேற்ற மன்றத்தில் அரங்கேற்ற வேண்டும். நூலின் ஒரு பகுதியை அவையில் நிகழ்த்திக் காட்டுவார்கள். புலவர்கள் தடை எழுப்புவார்கள். ஏற்ற விரும்புகிற தாய் விடை சொல்வாள். கடைசித் தடை எழுப்பும் உரிமை புகுந்த வீட்டில் மூத்தவருக்கு. அந்தக் கடைசித் தடையில் எத்தனையோ மருமகள்களின் ஆசை கருகிப்போயிருக்கிறது.

தலைமைப் புலவர் தெய்வச்சிலை. ஒற்றை ஆள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாயைத் திறந்தால் அச்சில் வார்த்த தமிழ்தான் வரும். கடையில் தேங்காய் வாங்கும்போதுகூட, "இது முற்றியதுதானா?" என்றுதான் கேட்பாராம். அத்தனை காப்பியத்தையும் கரைத்துக் குடித்தவர். அவர் ரத்தத்தில் எந்த நூல் ஓடுகிறது என்பது ஊரில் பெரிய பந்தயம். நேரில் கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

வளைகாப்பன்று காலையிலேயே மன்றத்தில் கூட்டம். கதவைச் சாத்தினார்கள். பிள்ளைகளுக்கும் தெரு ஜனத்துக்கும் உள்ளே அனுமதியில்லை. எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவையில் எல்லோரும் முதுகு நிமிர்த்தி, மேல்துண்டை மடித்து மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நூல் நிகழும்போது அசையக்கூடாது, பேசக்கூடாது, தொண்டையைக்கூடச் செருமக்கூடாது. அது மன்றத்து வழக்கம். நூலுக்குச் செய்கிற மரியாதை.

ஆவுடை தட்டைப் போட்டாள்.

அவள் எடுத்துக்கொண்ட பகுதியில் பெரிதாக ஒன்றும் நடக்காது. மினோரி காலையிலிருந்து மெனக்கெட்டு ஒரு மேகப்படம் வரைகிறாள். ஆட்டின் பெயர் சூப்பிரண்டு. குரல் கொடுத்த தூத்துக்குடிப் பிள்ளைகள், அதை நிலையத்தின் மேலதிகாரியாக்கி வைத்த பெயர். சூப்பிரண்டு அந்த மேகப்படத்தை மெதுவாகத் தின்றுவிடுகிறது. மழையிலிருந்து ஆரம்பித்து வெயில் வரைக்கும். "ஏலே சூப்பிரண்டு, நாளைக்கு வெயில் அடிக்குமா அடிக்காதாலே? உன் வயித்துக்குள்ளல்லா கெடக்கு!" என்று மினோரி அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்கிற இடத்தில், ஆவுடை வீட்டில் வலைக்காரர்கள் தரையில் உருண்டு சிரிப்பார்கள்.

மன்றத்தில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது.

பிறகு மினோரி ஜன்னலைத் திறந்து வானத்தை வெறும் கண்ணால் பார்த்து வானிலை சொல்கிறாள். சொல்லி முடித்து, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, யாராவது பதில் பேசுவார்களா என்று காத்திருக்கிறாள். சோறு பொங்குகிறது. இருட்டுகிறது. ஆடு தூங்குகிறது. அவள் காத்திருக்கிறாள். கடைசியில் வானொலி லேசாகக் கரகரக்கிறது. அத்தோடு அந்தப் பகுதி முடிகிறது.

விளக்கைப் போட்டார்கள்.

"முதல் தடை" என்றார் தெய்வச்சிலை. "இதனை இயற்றியவர் யார்?"

"நிறையப் பேரு ஐயா. வரைஞ்சவங்க பேரெல்லாம் கடைசில வரும். பாதிக்கு மேல தட்டுல அழிஞ்சுபோச்சு."

"ஆசிரியர் பெயர் அறியாத ஒன்றை எங்ஙனம் நூல் என்பது?"

"பேரு தெரியாத புலவர்களை, அவங்க பாட்டுல வார சொல்லையே பேரா வச்சு நீங்க கூப்பிடலையா ஐயா? நான் இவங்கள 'ஆடு வரைஞ்சவங்க'ன்னு கூப்பிட்டுக்கிடுதேன்."

பின்வரிசையில் ஒருவர் சிரிக்கப்போய் அடக்கிக்கொண்டார்.

"இரண்டாம் தடை. சிறுவர்க்குப் பொம்மை விற்கும் பொருட்டு இதனை எடுத்தார்கள் என்று கேள்வி. வணிகத்துக்காகப் பிறந்தது கலையாகுமோ?"

"வித்திருக்காங்க ஐயா. ஆட்டுப் பொம்மை. ராசா குடுக்குற யானைக்காகப் பாடுன புலவர்களும் இருந்தாங்கள்லா? அந்த யானையெல்லாம் செத்துப்போச்சு, பாட்டு இருக்கு. இங்கயும் பொம்மை எல்லாம் போச்சு. படம் இருக்கு."

தெய்வச்சிலை முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளைகள் ஏதோ சண்டை போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"மூன்றாம் தடை. மொழி கொச்சை வழக்கு."

ஆவுடை யோசித்தாள். "அதுக்கு எனக்கு விடை தெரியல ஐயா. அவ எங்க ஊர்க்காரி மாதிரி பேசுதா. கேக்க நல்லா இருக்கு. அவ்வளவுதான் தெரியும்."

"ஆகட்டும். நான்காவது" என்றார் அவர். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. அதனாலேயே ஆவுடைக்குப் பயமாயிற்று. "ஆடு படத்தைத் தின்னும் இடம் நகைச்சுவை என்று கருதுகிறேன். சரிதானா அம்மா?"

"ஆமா ஐயா."

"இந்த அவையில் ஒருவரும் நகைக்கவில்லை. அந்தப் பெண் காத்திருக்கும் இடத்தில் ஒருவரும் கண் கலங்கவில்லை. பார்ப்பவரிடம் எந்த மெய்ப்பாடும் தோற்றுவிக்காத ஒன்றைச் செவ்விய நூல்களுக்கு ஒப்ப வைக்கச் சொன்னால் நான் என்ன செய்ய?"

ஆவுடை அணைந்த திரையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சொன்னது உண்மைதான். இத்தனை வருஷத்தில் சூப்பிரண்டு மேகத்தைத் தின்று யாரும் சிரிக்காமல் இருந்து அவள் பார்த்ததேயில்லை. அந்த மௌனத்தில் அவளுக்கே ஒரு கணம் அந்த ஆடு வெறும் கோடாகத் தெரிந்தது. ஒருவேளை நாமெல்லாம் முகாம் பிள்ளைகள், கையில் கிடைத்ததையெல்லாம் உசத்தி என்று நினைத்துக்கொண்டோமோ? அந்த நினைப்புத்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. நாயகம் தலையைக் குனிந்துகொண்டான்.

"விடை இல்லையேல், வீட்டு மூத்தவர் கடைசித் தடையைச் சொல்லலாம்" என்றார் தெய்வச்சிலை.

காந்திமதி எழுந்தாள். பட்டுச்சேலை சரசரத்தது. காப்பிய வீட்டுக்காரி எழுந்தால் அவையும் கொஞ்சம் நிமிரும், நிமிர்ந்தது.

"தடை இருக்கு" என்றாள். "ஆனா அது படத்து மேல இல்ல. உங்க மேல."

ஒருவரும் அசையவில்லை. அசையக்கூடாது என்பது வழக்கம். ஆனால் இப்போது அசைய மறந்துபோனார்கள்.

"எங்க வீட்டுக் காப்பியத்துல ஒரு இடம் இருக்கு. யுத்தத்துக்குப் போன வீரன் ஒருத்தன் அவசரத்துல பொண்டாட்டி கச்சைய இடுப்புல கட்டிக்கிட்டுப் போயிருவான். எங்க மாமனாரு வீட்டுல வச்சுப் பாடுவாவ பாருங்க, அந்த இடம் வந்தா நாங்க மருமக்கமாரு மூணு பேரும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு அடுக்களைக்கு ஓடிருவோம். மாமனாருக்கே பாட்டு நின்னு போவும், சிரிச்சுச் சிரிச்சு. அதே பாட்ட இந்த மன்றத்துல நாப்பது வருசமாக் கேக்கேன். ஒருத்தராவது பல்லக் காட்டியிருக்கியளா? சிரிக்காததுதான் குத்தம்னா, முதல்ல எங்க காப்பியத்தத் தள்ளுங்க. பெறவு ஆட்டுக்கு வாங்க."

ஆவுடை அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தும் நான் சிரிச்சேன்" என்றாள் காந்திமதி, கொஞ்சம் கோபமாகவே. "கீரைக்குள்ள மொகத்த வச்சுக்கிட்டுச் சிரிச்சேன். எதுக்கு ஒளிச்சேன்னு எனக்கே தெரியல. கதவத் திறங்க. அந்தப் பிள்ளைகள உள்ள விடுங்க. துண்ட மடியிலேர்ந்து எடுங்க. திரும்ப ஒருக்க போடச் சொல்லுங்க. அப்பவும் உங்களுக்கு ஒண்ணும் தோணலன்னா எங்க நூலையே நான் இவளுக்கு ஏத்திருதேன்."

புலவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அரங்கேற்றத்தை இருமுறை நிகழ்த்தலாமா என்பதற்கு முன்வழக்கு கிடையாது. கூடாது என்பதற்கும் கிடையாது. தெய்வச்சிலை கதவுப்பக்கம் கையைக் காட்டினார்.

பிள்ளைகள் வந்த வேகத்தில் முன்வரிசைப் புலவர் ஒருவரின் காலை மிதித்துவிட்டார்கள். "தள்ளி உக்காருங்க தாத்தா, ஆடு மறைக்கும்" என்று ஒரு சிறுமி தெய்வச்சிலையையே நகர்த்தினாள். வலைக்காரர்கள் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். யாரோ அவித்த கடலையைப் பொட்டலத்தோடு சுற்றில் விட்டார்கள்.

சூப்பிரண்டு மேகப்படத்தின் ஓரத்தை முகர்ந்து பார்த்ததுமே பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை. "ஏ தின்னப் போவுது, தின்னப் போவுது!" மழை போயிற்று. முகில் போயிற்று. ஆடு வெயிலை மென்றுகொண்டே மினோரியைப் பார்த்தபோது, முதலில் பின்வரிசைப் புலவர், பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், பிறகு ஒட்டுமொத்த அவை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார் ஒருவர். காந்திமதி ஒளிக்காமல் சிரித்தாள். தெய்வச்சிலைக்குச் சிரிப்பு எப்படி வருமென்று யாரும் அதுவரை பார்த்ததில்லை; விக்கல் மாதிரி வந்தது.

பிறகு மினோரி காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள். மன்றம் தானாக அடங்கியது. அந்த மௌனத்தை யாரும் சொல்லி வரவழைக்கவில்லை. கடலைப் பொட்டலம் பாதி வழியில் ஒரு கையில் நின்றது. சோறு பொங்கியது. இருட்டியது. ஒரு வலைக்காரர் மூக்கை உறிஞ்சினார். வானொலி கரகரத்தது. திரை அணைந்தது.

"பெறவு?" என்றது ஒரு குரல்.

தெய்வச்சிலையின் குரல். அச்சுத்தமிழ் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "யாரு பேசுனாவ? பதில் வந்துச்சா, இல்லையா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சுதாரித்துக்கொண்டு மேல்துண்டைத் தேடினார். அது எங்கோ ஒரு பிள்ளைக்கு அடியில் கிடந்தது. துண்டில்லாமலே எழுந்து நின்று, "தடைகள் நீங்கின. மன்றம் ஏற்கிறது" என்றார்.

நாயகம் ஆவுடையைப் பார்த்தான். அவள் அத்தையைப் பார்த்தாள். காந்திமதி, "என்னளா முழிக்க? வளையல் போட வா, நேரமாவுது" என்றாள்.

மன்றத்து முற்றத்தில் ஆவுடையை மணையில் உட்காரவைத்தார்கள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் ஏறியது. ஊசி போட ஜெபமணி சிஸ்டர் வந்தாள். தட்டில் மிச்சமிருந்த முகில் நிலையம் முழுவதும், பூத்துப்போன இடங்களை முன்பின் படங்களைக் கொண்டு முன்கூட்டியே சரிசெய்யப்பட்டு, அவள் கையிலிருந்த சிறு குப்பிக்குள் வந்திருந்தது.

"அத்தை" என்றாள் ஆவுடை மெதுவாக. "உங்க நூலு?"

"அதுக்கென்ன? மாமனாரு பாடுனது எல்லாம் எனக்கு வாயில இருக்கு. பிள்ளை பெறக்கட்டும், காதுல ஓதுதேன். ஊசி கண்டுபிடிக்கதுக்கு முன்னால அது அப்படித்தானே வந்துச்சு?"

ஊசி ஏறியது. ஆவுடை கண்ணை மூடித் திறந்தாள்.

"சிஸ்டர், அந்தக் குப்பியில் இன்னும் மிச்சமுண்டா?"

தெய்வச்சிலை நின்றிருந்தார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி விட்டிருந்தார்.

"இருக்கு ஐயா. ஆனா ஒரு உடம்புக்கு ஒண்ணுதான். உங்களுக்குத்தான் ஏற்கெனவே..."

"எனக்கு ஒன்றும் இல்லை அம்மா" என்றார் அவர்.

முற்றமே அவரைப் பார்த்தது. பந்தயம் கட்டியவர்கள் எல்லோரும் தோற்றுப்போன இடம் அது.

"இளமையில் கேட்டார்கள். எந்த நூலைச் சொல்ல? ஒன்றை எடுத்தால் மற்றதெல்லாம் கோபித்துக்கொள்ளுமே என்றிருந்தது. அப்புறம் பார்த்தால் எல்லாமே மனப்பாடம். மனதில் இருப்பதை எதற்கு ரத்தத்திலும் வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்." ஆவுடையிடம் திரும்பினார். "இதை மனப்பாடம் செய்ய முடியாதே அம்மா. அந்தப் பெண் ஜன்னலைத் திறக்கும்போது விழும் வெளிச்சத்தை எந்தச் சீரில் வைத்து நான் ஒப்பிப்பேன்? இதற்குத்தான் உடம்பு வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை, இறங்காது. இருந்தாலும் நான் இருக்கும்வரை இரண்டாவது பிரதியாக இருந்துவிட்டுப் போகிறேன். உன் சம்மதம் வேண்டும்."

ஆவுடை சரி என்று தலையை ஆட்டினாள்.

ஜெபமணி சிஸ்டர் பஞ்சைத் தொட்டு வைத்தாள். ஊசி ஏறும்போது பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தார். முடிந்ததும் பக்கத்தில் நின்ற சிறுமியிடம் குனிந்தார்.

"பிள்ளே, நீ முழுசும் பாத்திருப்பல்லா? வானொலியில பேசுனது யாரு?"

"சொல்லவே மாட்டேன். நீங்களா பாத்துத் தெரிஞ்சுக்கிடுங்க" என்றுவிட்டு அவள் ஓடிப்போனாள். வேறு இரண்டு பிள்ளைகளைக் கேட்டார். அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். காந்திமதியைப் பார்த்தார். அவள் கலவை சாதத்தைக் கிளறப் போய்விட்டாள்.

தெய்வச்சிலை கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய ரத்தத்தில் அந்தக் கதை முதலிலிருந்து கடைசிவரை ஓட ஆரம்பித்திருந்தது. ஆனால் அவருக்குத்தான் முடிவு தெரியாது. ஆவுடை வீட்டில் படம் போடுகிற அடுத்த சாயங்காலம் வரை எப்படிப் பொறுப்பது என்ற யோசனையோடு, இலை போடுகிற இடத்தில் எல்லோரோடும் அவரும் காத்திருந்தார்.